மல்டிமீட்டர் முதலில், ஸ்பானர் பிறகு: எஃப்ஐ வண்டியை வீட்டில் டியூன் செய்வது எப்படி

கார்புரேட்டர் வண்டியை டியூன் செய்வது நம் ஊரில் பாதிப் பேருக்குத் தெரிந்த வேலை. ஏர் ஸ்க்ரூவை முழுக்க இறுக்கிவிட்டு ஒன்றரைச் சுற்று திறப்பது, ஸ்லோ ஸ்க்ரூவைத் திருகி ஐடிலிங் வைப்பது, மைலேஜ் போதவில்லை என்றால் நீடில் கிளிப்பை ஒரு காடி மாற்றுவது. காதால் கேட்டே செய்துவிடலாம். 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்6 மாசு விதி வந்ததும் புதிதாக விற்கும் வண்டிகளில் பெரும்பாலானவை எஃப்ஐ எனப்படும் ஃபியூவல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிவிட்டன. திருகுவதற்கு அந்த ஸ்க்ரூக்கள் இல்லை. அதனால் சிலர் இனி வீட்டில் செய்ய ஒன்றுமில்லை என்று விட்டுவிடுகிறார்கள். சிலர் நேராகப் போய் ஒரு டியூனிங் பாக்ஸ் வாங்கி மாட்டுகிறார்கள். இரண்டுமே எனக்குச் சரியாகப் படவில்லை.

நான் உடுமலைப்பேட்டைப் பக்கம் ஒரு நூற்பாலையில் எலக்ட்ரீஷியன். மில்லில் ஒரு மெஷின் படுத்துவிட்டால் முதலில் மீட்டரை எடுத்து அளப்பேன், அப்புறம்தான் எதையும் கழற்றுவேன். அதே வழக்கத்தில் என் யூனிகார்னையும் (பிஎஸ்6, 162.7 சிசி), மச்சானுடைய இரட்டை சிலிண்டர் வண்டியையும், தெருவில் கொண்டுவந்து நிறுத்தும் மற்ற வண்டிகளையும் வீட்டு வாசலில் வைத்தே பார்க்கிறேன். எஃப்ஐ வண்டிக்கு இந்த வழக்கம் நன்றாகவே பொருந்துகிறது.

ஈசியூ எதை நம்புகிறது

இன்ஜினுக்குள் எவ்வளவு காற்று போகிறது என்பதை வண்டியின் கம்ப்யூட்டரான ஈசியூ கணக்குப் போட்டுத்தான் தெரிந்துகொள்கிறது. இன்டேக்கில் உள்ள அழுத்தத்தைச் சொல்லும் மேப் சென்சார், ஆக்ஸிலேட்டர் எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்லும் டிபிஎஸ், உள்ளே வரும் காற்றின் வெப்பம், இன்ஜினின் வெப்பம், ஆர்பிஎம் இவையெல்லாம் சேர்ந்துதான் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் எத்தனை மில்லி செகண்ட் திறக்க வேண்டும் என்று முடிவாகிறது. 1400 ஆர்பிஎம்மில் ஐடிலிங் ஓடும் ஒரு சிலிண்டர் வண்டியில் இன்ஜெக்டர் நிமிடத்துக்கு 700 முறை திறந்து மூடுகிறது. ஒவ்வொரு முறையும் இரண்டு மில்லி செகண்டுக்குப் பக்கமாகத்தான் திறந்திருக்கும். எரிந்த பிறகு சைலன்சர் பெண்ட் பைப்பில் உள்ள ஆக்ஸிஜன் சென்சார் முடிவைப் பார்த்து, பெட்ரோல் கூடுதலா குறைவா என்று திரும்பச் சொல்கிறது. ஈசியூ அதை வைத்துத் தன் கணக்கைத் திருத்திக்கொள்கிறது.

ஈசியூவை ஒரு நெல் மண்டிக் கணக்குப்பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். வந்த சீட்டைப் பார்த்துத்தான் எழுதுவார், களத்துக்கு வந்து மூட்டையை எண்ண மாட்டார். சீட்டில் தவறு இருந்தால் கணக்கும் தவறாகத்தான் வரும்.

ஆகவே வீட்டில் நாம் செய்யும் டியூனிங் இரண்டு வேலைகள்தான். இன்ஜினை அதன் பழைய அளவுகளுக்குக் கொண்டுவருவது ஒன்று. சென்சார்கள் சொல்வது உண்மையா என்று சரிபார்ப்பது இன்னொன்று. இந்த இரண்டும் முடிந்தாலே ஸ்டார்ட்டிங் ட்ரபிள், ஐடிலிங்கில் அணைவது, நடுவில் மிஸ்ஸிங், மைலேஜ் குறைவு என்று வரும் வண்டிகளில் பெரும்பாலானவை சரியாகிவிடுகின்றன. ஈசியூவுக்குள் எழுதி வைத்த பெட்ரோல் அட்டவணையை (இதையும் மேப் என்பார்கள், மேப் சென்சார் வேறு) மாற்றுவது அதற்கு ரொம்பத் தள்ளி வரும் வேலை.

கையில் வேண்டியவை

டிஜிட்டல் மல்டிமீட்டர், ஃபீலர் கேஜ் (மெல்லிய இடைவெளியை அளக்கும் தகடுகள்), பிளக் பாக்ஸ் ஸ்பானர், த்ராட்டில் பாடி கிளீனர் ஸ்பிரே, சில குண்டூசிகள், உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவல். முடிந்தால் ஒரு டார்க் ரெஞ்ச். கூடவே ஈசியூ சொல்வதைப் போனில் பார்க்கிற மாதிரி ஒரு ப்ளூடூத் ஓபிடி அடாப்டரும், உங்கள் வண்டியின் டயக்னாஸ்டிக் கனெக்டருக்குப் பொருந்தும் இணைப்பு ஒயரும். கார்களுக்கு உள்ள பதினாறு பின் கனெக்டர் இருசக்கர வண்டிகளில் இருக்காது. பல புதிய வண்டிகளில் ஆறு பின் சிவப்புக் கனெக்டர், சில கம்பெனிகளில் நாலு பின். வாங்கும் முன் சீட்டைத் தூக்கி எது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பெட்ரோல் லைனைக் கழற்றும் நாளில் வேலையைத் திறந்த வெளியில் வையுங்கள். எஃப்ஐ வண்டியில் பெட்ரோல் சொட்டாக வடியாது, அழுத்தத்தோடு பீய்ச்சும். பக்கத்தில் சமையலறை ஜன்னல், இன்வெர்ட்டர், சாமி விளக்கு எதுவும் இருக்கக் கூடாது.

பேட்டரியும் எர்த்தும்

எல்லாரும் பிளக்கில் ஆரம்பிப்பார்கள். நான் பேட்டரியில் ஆரம்பிப்பேன். இன்ஜெக்டர் என்பது ஒரு சோலனாய்டு, அதாவது மின்காந்தத்தால் திறக்கும் வால்வு. வோல்டேஜ் குறைந்தால் அது திறக்கத் தாமதமாகும். அந்தத் தாமதத்தை ஈசியூ ஓரளவு கணக்கில் சேர்த்துக்கொள்ளும். ஆனால் ஈசியூ பார்க்கும் வோல்டேஜும் இன்ஜெக்டருக்குக் கிடைக்கும் வோல்டேஜும் ஒன்றாக இருந்தால்தான் அந்தக் கணக்கு சரிவரும். இடையில் ஒரு கனெக்டர் பச்சை பூத்திருந்தால் போச்சு.

இரவு முழுக்க நின்ற வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட்டுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது 10 வோல்ட்டுக்குக் கீழே போகக் கூடாது. ஓடும்போது ஆர்பிஎம்மை ஏற்றினால் 14 வோல்ட்டை ஒட்டி நிற்க வேண்டும். அதன் பிறகு எர்த். மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் இன்னொன்றை இன்ஜின் பாடியிலும் வைத்து, ஹெட்லைட்டோடு வண்டியை ஓடவிட்டுப் பாருங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 0.3, 0.4 என்று காட்டினால் எர்த் ஒயர் போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, பெட்ரோலியம் ஜெல்லி தடவி இறுக்குங்கள். எந்த சென்சார் ஒயரையும் தொடுவதற்கு முன் இதை முடித்துவிட வேண்டும். எர்த் சரியில்லாத வண்டியில் எல்லா சென்சாரும் கொஞ்சம் கொஞ்சம் தவறாகவே பேசும்.

டேப்பட்: எஃப்ஐ வண்டியில் இது பெட்ரோல் கணக்கையும் மாற்றும்

கார்புரேட்டர் வண்டியில் டேப்பட் (வால்வுக்கும் அதைத் தள்ளும் ராக்கருக்கும் நடுவில் உள்ள இடைவெளி) இறுகினால் ஐடிலிங் தள்ளாடும், ஸ்டார்ட்டிங் சிரமப்படும். எஃப்ஐ வண்டியில் அதற்கு மேல் ஒன்று நடக்கும். வால்வு கிளியரன்ஸ் குறைந்தால் வால்வு கொஞ்சம் சீக்கிரம் திறந்து தாமதமாக மூடும். இன்டேக்கில் வேக்குவம் குறையும். மேப் சென்சார் அதை அதிக அழுத்தம் என்று படிக்கும். அதிக அழுத்தம் என்றால் ஈசியூவுக்கு அதிகக் காற்று, அதாவது அதிக பெட்ரோல். காற்று உண்மையில் கூடவில்லை. ஆக டேப்பட் தவறால் வண்டி ரிச்சாக (பெட்ரோல் கூடுதலாக) ஓடும், பிளக் கருக்கும், "இன்ஜெக்டர் கெட்டுப்போச்சு" என்று யாராவது சொல்வார்கள். இன்ஜெக்டர் மேல் ஒரு குற்றமும் இருக்காது.

டேப்பட்டைக் குளிர்ந்த இன்ஜினில்தான் பார்க்க வேண்டும். ஹோண்டா மேனுவல்களில் 35 டிகிரிக்குக் கீழே என்று போட்டிருக்கும். நம் ஊர் சித்திரை வெயிலில் மதியம் நிழலில் நின்ற வண்டியே அதைத் தாண்டிவிடும். அதனால் காலையில், வண்டியை எடுப்பதற்கு முன் இந்த வேலையை வைத்துக்கொள்ளுங்கள்.

பிளக்கைக் கழற்றிவிடுங்கள், சுற்றுவது சுலபமாகும். இடது பக்க கவரில் உள்ள இரண்டு மூடிகளையும் திறந்து, கிராங்க்கை அதன் இயல்பான திசையில் சுற்றி, ஃப்ளைவீலில் உள்ள 'டி' குறியைக் கவரின் குறியோடு சேருங்கள். இந்தக் குறி இரண்டு சுற்றில் இரண்டு முறை வரும். ஒன்றுதான் கம்ப்ரெஷன் ஸ்ட்ரோக். இரண்டு ராக்கர்களையும் விரலால் ஆட்டிப் பாருங்கள். இரண்டிலும் லேசான ஆட்டம் இருந்தால் சரியான இடம். ஒன்று இறுக்கமாக இருந்தால் இன்னும் ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள்.

உங்கள் வண்டிக்கான அளவு மேனுவலில் இருக்கும், அதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டு வண்டியின் அளவு உதவாது. எக்ஸாஸ்ட் வால்வு அதிகம் சூடாகும் என்பதால் பல வண்டிகளில் அதற்கு இன்டேக்கை விடக் கூடுதல் இடைவெளி கொடுத்திருப்பார்கள். இரண்டையும் மாற்றி வைத்துவிடாதீர்கள். ஃபீலர் கேஜ் லேசாக உரசிக்கொண்டு போக வேண்டும். லாக் நட்டை இறுக்கும்போது ஸ்க்ரூ ஒரு மயிரிழை நகரும், இறுக்கிய பிறகு மறுபடியும் அளப்பது கட்டாயம். ராயல் என்ஃபீல்டின் பழைய யூசிஇ 350, 500 இன்ஜின்களில் ஹைட்ராலிக் டேப்பட், அவற்றில் இந்த வேலையே இல்லை. ஸ்க்ரூவுக்குப் பதில் ஷிம் என்ற சின்னத் தகடு வைத்த வண்டிகளில் அளப்பதை வீட்டில் செய்யலாம். ஷிம் மாற்றுவதற்கு கேம் ஷாஃப்டைத் தூக்க வேண்டும், அனுபவம் இல்லாதவர்கள் அதைக் கடையில் கொடுப்பது நல்லது.

காற்று வரும் வழி

ஏர் ஃபில்டர் எந்த வகை என்று முதலில் பாருங்கள். யூனிகார்ன், ஷைன், ஆக்டிவா போன்றவற்றில் எண்ணெய் ஊறிய விஸ்கஸ் பேப்பர் ஃபில்டர். அதைக் காற்றடித்துச் சுத்தம் செய்யக் கூடாது. பார்க்க அழுக்காகத்தான் இருக்கும். அந்த எண்ணெயில்தான் தூசி ஒட்டி நிற்கிறது. அடித்தால் எண்ணெயும் போகும், ஃபில்டர் தாளும் கிழியும். காலக்கெடு வந்தால் புதிது போடுவதுதான் வழி. எங்கள் பக்கம் ஆடிக் காற்றில் புழுதியும் மில்லின் பஞ்சுத் தூசியும் சேர்வதால் நான் மேனுவல் சொல்லும் கிலோமீட்டருக்கு முன்பே மாற்றிவிடுகிறேன்.

அடுத்து, ஃபில்டரைத் தாண்டி உள்ளே வரும் திருட்டுக் காற்று. த்ராட்டில் பாடிக்கும் (ஆக்ஸிலேட்டரைத் திருகினால் திறக்கும் காற்று வாய்) சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவில் உள்ள ரப்பர் மேனிஃபோல்டை வளைத்துப் பாருங்கள், விரிசல் அடிப்பக்கத்தில்தான் ஒளிந்திருக்கும். இதைக் கண்டுபிடிக்க ஓடும் இன்ஜினில் கார்ப் கிளீனர் அடிக்கும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. சூடான பெண்ட் பைப் பக்கத்திலேயே இருக்கிறது, தீப்பிடிக்கும். தோட்டத்துக்குத் தண்ணீர் தெளிக்கும் சின்ன ஸ்பிரே பாட்டிலால் இணைப்புகளில் மட்டும் லேசாகத் தண்ணீர் தெளியுங்கள். விரிசல் இருந்தால் தண்ணீர் அதைச் சில நொடிகள் அடைக்கும், ஐடிலிங் மாறும். அது போதும்.

த்ராட்டில் பாடியில் பட்டாம்பூச்சித் தகடு மூடும் இடத்தைச் சுற்றி ஒரு கறுப்பு வளையம் படியும். ஐடிலிங் காற்று அந்த மெல்லிய இடைவெளி வழியாகத்தான் போகிறது. படிவு சேர்ந்தால் வண்டி ஐடிலிங்கில் அணையும், குறிப்பாக சிக்னலில் நிற்கும்போது. ஒரு மென்மையான துணியில் கிளீனரை நனைத்துத் துடையுங்கள். உள்ளே நேராக அடிக்காதீர்கள். சின்ன வண்டிகள் பலவற்றில் மேப், டிபிஎஸ், காற்று வெப்ப சென்சார் மூன்றும் ஒரே டப்பாவாக த்ராட்டில் பாடியின் மேலேயே உட்கார்ந்திருக்கும். அதன் ஓட்டைக்குள் கிளீனர் போனால் புதிது வாங்க வேண்டியதுதான்.

த்ராட்டில் தகடு சாத்தும் இடத்தில் பெயின்ட் புள்ளி வைத்த ஒரு ஸ்க்ரூ இருக்கும். ஐடிலிங் குறைவாக இருக்கிறதே என்று பலரும் கை வைப்பது அதில்தான். அதைத் தொடாதீர்கள். டிபிஎஸ் எங்கிருந்து தன் கணக்கை ஆரம்பிக்க வேண்டும் என்பது அந்த ஸ்க்ரூவில்தான் நிற்கிறது. அது நகர்ந்தால் ஆக்ஸிலேட்டரை விட்ட பிறகும் ஈசியூ கொஞ்சம் திறந்திருப்பதாகவே நினைக்கும்.

வெளியேறும் பக்கத்திலும் ஒரு ஓட்டை முக்கியம். ஆக்ஸிஜன் சென்சாருக்கு முன்னால், சிலிண்டர் ஹெட்டும் பெண்ட் பைப்பும் சேரும் இடத்தில் கேஸ்கெட் லீக் இருந்தால், புகை வெளியே போவது மட்டுமில்லாமல் துடிப்புகளுக்கு நடுவில் வெளிக்காற்று உள்ளே இழுபடும். சென்சார் அந்த ஆக்ஸிஜனைப் பார்த்து "லீன்", அதாவது பெட்ரோல் குறைவு, என்று சொல்லும், ஈசியூ பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே போகும். சைலன்சர் மாற்றிய பிறகு மைலேஜ் விழுந்தது என்று வரும் வண்டிகளில் நான் முதலில் கை வைத்துப் பார்ப்பது அங்கேதான். கேஸ்கெட்டைப் புதிதாகப் போடுங்கள். சாதாரண சிலிக்கான் பேஸ்ட்டைப் பூசி அடைக்காதீர்கள், அதிலிருந்து வரும் ஆவி சென்சாரையே கெடுத்துவிடும்.

பிளக்

மேனுவலில் உள்ள அதே எண்ணில் வாங்குங்கள். எண்ணில் 'ஆர்' என்ற எழுத்து இருந்தால் உள்ளே ரெசிஸ்டர் உண்டு என்று பொருள். ரெசிஸ்டர் இல்லாத பிளக் போட்டால் அதன் மின் இரைச்சல் ஈசியூவையும் சென்சார் சிக்னலையும் குழப்பும். கார்புரேட்டர் வண்டியில் பெரிதாகத் தெரியாத இந்த வித்தியாசம் இங்கே காரணமே தெரியாத மிஸ்ஸிங்காக வரும். பிளக் முனைகளின் இடைவெளியை ஃபீலர் கேஜால் பாருங்கள், புது வாஷர் உள்ள பிளக்கைக் கையால் இறுக்கிய பிறகு ஸ்பானரில் அரைச் சுற்று. பிளக் நிறத்தை வைத்து மிக்ஸரைத் தீர்மானிக்கும் பழைய முறையை எஃப்ஐ வண்டியில் நான் பெரிதாக நம்புவதில்லை. கரி பிடித்திருக்கிறதா, எண்ணெய் ஏறியிருக்கிறதா என்ற அளவுக்குத்தான் அது உதவும்.

பெட்ரோல்

இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது பெரும்பாலும் 20 சதவீத எத்தனால் கலந்த இ20. சுத்தமான பெட்ரோல் ஒரு பங்கு எரிய, எடைக் கணக்கில் 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 போதும். கலந்து பார்த்தால் இ20-க்கு சுமார் 13.5 வரும், இ10-க்கு சுமார் 14.1. அதாவது இ10-ஐ மனதில் வைத்துக் கணக்குப் போட்ட வண்டி இ20-இல் சுமார் நாலு சதவீதம் லீனாக ஓட ஆரம்பிக்கும். ஆக்ஸிஜன் சென்சார் நன்றாக இருந்தால் சீரான வேகத்தில் ஈசியூ இதைத் தானே ஈடுகட்டிவிடும். முழு ஆக்ஸிலேட்டரில் பெரும்பாலும் அந்த சென்சாரைக் கேட்காமல், உள்ளே எழுதி வைத்த மேப்பின்படிதான் ஓடும். பழைய ஆக்ஸிஜன் சென்சார் உள்ள வண்டி இ20-இல் பிக்கப் குறைந்தது போலத் தெரிய இதுவும் ஒரு காரணம்.

மழைக்காலத்தில் இன்னொரு தொல்லை. எத்தனால் தண்ணீரை இழுத்துக்கொள்ளும், அளவு மீறினால் இரண்டும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்க் அடியில் தங்கும். பம்ப் உறிஞ்சுவது அங்கிருந்துதான். சந்தேகம் வந்தால் ஒரு கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் பிடித்து அரைமணி நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் தனி அடுக்கு தெரிந்தால் டேங்க்கைக் காலி செய்ய வேண்டும். எப்போதும் ரிசர்விலேயே ஓட்டுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: பம்ப் டேங்க்குக்குள் இருக்கிறது, சுற்றியுள்ள பெட்ரோல்தான் அதைக் குளிர்விக்கிறது.

சாவியைத் திருப்பியதும் இரண்டு நொடி போல ஒரு மெல்லிய ரீங்காரம் கேட்டால் பம்ப் ஓடுகிறது. ஆனால் ஓடுவது வேறு, அழுத்தம் தருவது வேறு. பல வண்டிகளில் 3 பாருக்குப் பக்கத்தில் அழுத்தம் வேண்டும். மேனுவலில் சரியான எண் இருக்கும். அளக்க ஒரு டி இணைப்பும் கேஜும் வேண்டும். லைனைக் கழற்றும் முன் பம்ப் கனெக்டரைப் பிடுங்கிவிட்டு வண்டியைத் தானாக அணையும் வரை ஓடவிடுங்கள், லைனில் உள்ள அழுத்தம் இறங்கிவிடும்.

இன்ஜெக்டரின் காயில் ரெசிஸ்டன்ஸ் பல வண்டிகளில் 10 முதல் 14 ஓம்முக்குள் வரும். காயில் சரியாக இருந்து பீய்ச்சுவது சரியில்லை என்றால் அல்ட்ராசோனிக் மெஷின் உள்ள கடையில் கொடுப்பது மேல். திரும்ப மாட்டும்போது ஓ-ரிங்குகளைப் புதிதாகப் போட்டு, ஒரு துளி இன்ஜின் ஆயில் தடவி, திருகாமல் நேராக அழுத்துங்கள்.

சென்சார்கள் சொல்வது உண்மையா

எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இதுதான்.

முதலில் கோளாறு எண்கள். மீட்டரில் மஞ்சள் இன்ஜின் விளக்கு எரிந்தால் ஓபிடி ஆப்பில் பாருங்கள். பி0122, பி0123 என்றால் டிபிஎஸ் சிக்னல். பி0117, பி0118 என்றால் இன்ஜின் வெப்ப சென்சார். பி0107, பி0108 மேப். பி0201 இன்ஜெக்டர் சர்க்யூட். ஹோண்டாவின் பல வண்டிகளில் அந்த விளக்கே மின்னி எண் சொல்லும்: நீண்ட மின்னல் பத்து, குட்டி மின்னல் ஒன்று. 1 மேப், 7 இன்ஜின் வெப்பம், 8 டிபிஎஸ், 9 காற்று வெப்பம், 12 இன்ஜெக்டர், 21 ஆக்ஸிஜன் சென்சார். எண் வந்தது என்பதற்காக அந்த சென்சாரை வாங்கிவிடாதீர்கள். அந்த சர்க்யூட்டில் கோளாறு என்றுதான் அது சொல்கிறது. ஒயரையும் கனெக்டரையும் எலி கடித்த இடத்தையும் பார்த்த பிறகே சென்சார்.

கோளாறு எண் வராமலேயே தவறாகப் பேசும் சென்சார்கள்தான் சிரமம். அவற்றைப் பிடிக்கச் சில வழிகள்.

வெப்ப சென்சார்களுக்கு விடிகாலைச் சோதனை. இரவு முழுக்க நின்ற வண்டியில் இன்ஜினும் காற்றும் ஒரே வெப்பத்தில் இருக்கும். ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் போட்டு ஆப்பில் இரண்டையும் பாருங்கள். காற்று 26, இன்ஜின் 27 என்றால் சரி. காற்று 26, இன்ஜின் 9 என்று காட்டினால், ஈசியூ அதை ஊட்டிக் குளிர் என்று நினைத்துத் தினமும் பெட்ரோலை ஊற்றிக்கொண்டிருக்கிறது. மைலேஜ் போகும் வழி தெரிந்துவிட்டது. ஓபிடி இல்லையென்றால் கனெக்டரைக் கழற்றி ஓம்மில் அளக்கலாம்: குளிர்ந்த நிலையில் சில ஆயிரம் ஓம், சூடாக ஆகத் தொடர்ந்து இறங்க வேண்டும், நடுவில் குதிக்கக் கூடாது.

மேப் சென்சாருக்கு ஊரின் உயரமே அளவுகோல். இன்ஜின் ஓடாமல் சாவி மட்டும் போட்டால் அது அந்த இடத்தின் காற்றழுத்தத்தைக் காட்ட வேண்டும். சென்னையில் 101 கிலோபாஸ்கலுக்குப் பக்கம், எங்கள் ஊரில் 97 போல, 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊட்டியில் 77 போல. மேப் காட்டும் எண் உங்கள் ஊர்க் கணக்கிலிருந்து நாலைந்து தள்ளியிருந்தால் அதன் பாதையைச் சுத்தம் செய்து மறுபடி பாருங்கள். ஸ்டார்ட் செய்ததும் அந்த எண் பாதிக்குப் பக்கமாகவோ அதற்கும் கீழேயோ இறங்க வேண்டும். இறங்க மறுத்தால் திருட்டுக் காற்று அல்லது டேப்பட்.

டிபிஎஸ்ஸுக்கு மல்டிமீட்டரும் குண்டூசியும். கனெக்டரைக் கழற்றாமல், பின்பக்கமாக ஊசியைச் செருகி சிக்னல் ஒயரை அளங்கள். மூன்று ஒயரில் ஒன்று 5 வோல்ட், ஒன்று எர்த், மீதி சிக்னல். ஆக்ஸிலேட்டர் மூடியிருக்கும்போது அரை வோல்ட் போல, முழுக்கத் திறந்தால் நாலு வோல்ட்டை ஒட்டி. ரொம்ப மெதுவாகத் திருகிக்கொண்டே பாருங்கள். எண் ஏறும் வழியில் திடீரென ஒரு இடத்தில் விழுந்து எழுந்தால் உள்ளே தடம் தேய்ந்திருக்கிறது. தினமும் நாற்பது ஐம்பதில் ஓட்டும் வண்டியில் அந்தத் தேய்மானம் சரியாக அந்த வேகத்துக்கான இடத்தில்தான் இருக்கும்.

ஆக்ஸிஜன் சென்சார் சூடானால்தான் பேசும். பத்து நிமிடம் ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். 0.1-க்கும் 0.9 வோல்ட்டுக்கும் நடுவில் ஊசலாடிக்கொண்டே இருக்க வேண்டும். 0.1-இலேயே நின்றால் லீன், அல்லது நான் சொன்ன கேஸ்கெட் லீக். 0.8-இல் நின்றால் ரிச். எங்கும் அசையாமல் 0.45-இல் நின்றால் பெரும்பாலும் சென்சாரோ அதன் ஒயரோ உயிரோடு இல்லை. சந்தேகத்துக்கு ஆக்ஸிலேட்டரை ஒரு தடவை சட்டெனத் திறந்து பாருங்கள். நல்ல சென்சாராக இருந்தால் ஓரிரு நொடியில் வோல்டேஜ் ஏறும்.

கடைசியில் ஃப்யூவல் ட்ரிம், வண்டி அதைக் காட்டினால். லாங் டெர்ம் ட்ரிம் என்பது ஈசியூ தன் மூலக் கணக்கிலிருந்து எவ்வளவு தூரம் விலகி நிற்கிறது என்ற எண். கூட்டல் ஐந்து வரை இ20 கணக்கு என்று எடுத்துக்கொள்கிறேன். கூட்டல் பத்தைத் தாண்டினால் திருட்டுக் காற்று, பெட்ரோல் அழுத்தக் குறைவு, இன்ஜெக்டர் அடைப்பு என்று தேடுவேன். கழித்தல் பத்து என்றால் டேப்பட், ஒழுகும் இன்ஜெக்டர், தப்பான வெப்ப சென்சார்.

இரண்டு த்ராட்டில் பாடி உள்ள வண்டிகளில் இதோடு சிங்க்ரனைஸ் செய்யும் வேலையும் உண்டு. இரண்டு இன்டேக்கிலும் உள்ள வேக்குவம் முனைகளில் இரட்டைக் கேஜை மாட்டி, சூடான இன்ஜினில், இரண்டும் ஒரே அளவு காட்டும் வரை அதற்கென்று உள்ள ஸ்க்ரூவை மட்டும் திருகுங்கள். மச்சானுடைய வண்டியில் ஐடிலிங் நடுக்கம் போனது இதனால்தான்.

வேலை முடிந்த பிறகு

எல்லாவற்றையும் மாட்டியதும் கோளாறு எண்களை அழித்துவிட்டு, சாவியைப் போட்டுப் பம்ப் ஓசை நிற்கும் வரை காத்திருந்து, ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் ஸ்டார்ட் செய்யுங்கள். இன்ஜின் சூடேறும் வரை அப்படியே விடுங்கள். ஏர் கூல்டு வண்டிக்கு முன்னால் ஒரு டேபிள் ஃபேன் வைத்தால் நல்லது, ரொம்ப நேரம் நிறுத்தி ஓடவிட வேண்டாம். அதன் பிறகு பல விதமான வேகத்தில் ஓட்டினால்தான் ஈசியூ தன் திருத்தங்களைப் புதிதாக எழுதும். எங்களுக்கு ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. இரண்டாம் கியரில் பாதி ஆக்ஸிலேட்டரில் ஏறுவது, இறக்கத்தில் முழுக்க விடுவது, உயரம் மாறுவது எல்லாம் ஒரே சாலையில் கிடைத்துவிடும். சமவெளியில் இருப்பவர்கள் ஒரு நல்ல மேம்பாலச் சாலையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மாசுக் கட்டுப்பாட்டுச் சான்றிதழுக்கு எப்படியும் போவீர்கள். அந்த ரசீதில் ஐடிலிங்கில் கார்பன் மோனாக்சைடு எவ்வளவு, ஹைட்ரோகார்பன் எவ்வளவு என்று அச்சடித்திருக்கும். நம் கையில் இல்லாத ஒரு கேஸ் அனலைசரின் அளவு அது. பழைய ரசீதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆனால் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைத் தாண்டி வந்த புகை என்பதால் நல்ல எண் வந்ததும் எல்லாம் சரி என்று சொல்லிவிட முடியாது. எண் கெட்டிருந்தால் மட்டும் நிச்சயமாக ஏதோ இருக்கிறது.

டியூனிங் பாக்ஸ் வேண்டுமா

பெங்களூரு ரேஸ் டைனமிக்ஸின் ஃபியூவல்எக்ஸ், டைனோஜெட்டின் பவர் கமாண்டர் போன்றவை இன்ஜெக்டர் சிக்னலுக்கு நடுவில் உட்கார்ந்து பெட்ரோலைக் கூட்டிக் குறைப்பவை. நல்ல சாமான்கள்தான். ஏர் ஃபில்டரும் சைலன்சரும் மாற்றி, முழு ஆக்ஸிலேட்டரில் லீனாக ஓடும் வண்டிக்கு அவற்றால் பயன் உண்டு. ஆனால் மேலே சொன்ன எதையும் பார்க்காமல் மாட்டினால், தவறான கணக்கின் மேல் இன்னொரு கணக்கு எழுதுவதாகிவிடும். கம்பெனி நிலையிலேயே இருக்கும் 150, 160 சிசி வண்டிக்கு நான் இதைச் சொல்வதில்லை.

மாட்டுவதாக இருந்தால் ஒரு வைட்பேண்ட் சென்சாரும் சேர்த்து வாங்குங்கள், இல்லையென்றால் அது உள்ள டைனோ (வண்டியை உருளை மேல் ஓட்டி அளக்கும் மெஷின்) கடைக்குப் போங்கள். வண்டியில் ஏற்கெனவே உள்ள சென்சாருக்கு ரிச்சா லீனா என்று மட்டும்தான் தெரியும், எவ்வளவு என்று தெரியாது. முழு ஆக்ஸிலேட்டரில் லாம்டா (எரியத் தேவையான காற்றில் எத்தனை பங்கு இருக்கிறது என்ற எண், 1 என்றால் சரியளவு, குறைந்தால் ரிச்) 0.86 முதல் 0.9 வரை இருந்தால் போதும். பெட்ரோல் கலவை எதுவானாலும் லாம்டா எண் மாறாது, அதனால் 14.7, 13.5 என்ற குழப்பத்தை விட்டு லாம்டாவிலேயே பேசுங்கள். ஒரு தடவைக்கு மூன்று நான்கு சதவீதத்துக்கு மேல் மாற்றாதீர்கள். ஒரே சாலை, ஒரே கியர், ஒரே ஆர்பிஎம் என்று வைத்துப் பதிவு செய்து பாருங்கள். ஏற்றத்தில் உலோகக் கோலி குலுங்குவது போன்ற தட்டல் கேட்டால் உடனே ஆக்ஸிலேட்டரை விட்டுவிட்டு அந்த மாற்றத்தைத் திரும்ப எடுங்கள்.

வாரண்டி உள்ள வண்டியில் இதைச் செய்தால் இன்ஜின் கோளாறுக்குக் கம்பெனி கை கொடுக்க மறுக்கலாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, வண்டியைக் கம்பெனி கொடுத்த விவரங்களுக்கு மாறாக மாற்றுவதைத் தடுக்கிறது. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கழற்றினால் அதில்தான் போய் மாட்டிக்கொள்வீர்கள். கன்வெர்ட்டரும் ஆக்ஸிஜன் சென்சாரும் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். பாக்ஸின் ஒயரிங்கை கனெக்டர் வைத்து மட்டும் இணையுங்கள், மூல ஒயரை வெட்டாதீர்கள். தேவையென்றால் பத்து நிமிடத்தில் கழற்றி வண்டியைப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடிய வேண்டும்.